தலையில் பழத் தாம்பாளம்: கார்த்தஹேனாவுக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள்

பிப்ரவரியில் இரண்டு வாரம் அலுவலக வேலையாகக் கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் போகிறீர்கள். அங்கே மதில் சூழ்ந்த பழைய நகரத்தில், மஞ்சள், நீலம், சிவப்பு என்று பளிச்சென்ற பாவாடை உடுத்தி, தலையில் பழத் தாம்பாளத்தோடு படத்துக்கு நிற்கும் பெண்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். "இது சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷமா, நிஜமான பண்பாடா? நிஜத்தைப் பார்க்க அந்தக் கரையில் எந்த ஊருக்குப் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்ததாகாது. கண்ணெதிரே இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எங்கே போவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என் தொழில். கார்த்தஹேனாவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் பரான்கியாவில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன். வார இறுதி வந்தால் பேருந்து ஏறி ஏதாவது ஒரு சிறு ஊருக்குப் போய்விடுவேன். நான் மானுடவியல் படித்தவன் இல்லை. வாசித்ததையும் ஊர்க்காரர்கள் சொன்னதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். இங்கேயும் எது ஆவணத்தில் இருப்பது, எது வாய்மொழி என்று பிரித்தே சொல்கிறேன். பரான்கியாக்காரர்களோடு வாழ்ந்ததால் கார்த்தஹேனாவின் மேல் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமான பதில்: கார்த்தஹேனா விற்கிற ஊர், செய்கிற ஊர்கள் உள்நாட்டில் இருக்கின்றன. மதில் நகரத்தின் கடைத்தெருவில் நீங்கள் பார்க்கப்போகும் தொப்பி, தூளி, வெள்ளிக் காதணி, குழலிசை, தேங்காய் மிட்டாய் எல்லாமே முப்பது மைல் முதல் ஒரு பகல் பயணம் வரை உள்ளே தள்ளி இருக்கும் ஏதோ ஒரு ஊரில் பிறந்தவை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1533இல் ஸ்பானியர் நிறுவிய கார்த்தஹேனா, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை இறக்கி விற்ற பெரிய துறைமுகம். அங்கிருந்து தப்பியவர்கள் சதுப்பு நிலத்துக்குள்ளும் குன்றுகளுக்குள்ளும் போய் மறைந்தார்கள். அங்கே ஏற்கெனவே செனூ முதலிய பூர்வகுடிகள் இருந்தார்கள். மக்தலேனா ஆற்று வழியாகப் படகோட்டிகளும் மாடு மேய்ப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். அதிகாரம் கரையில் இருந்தது. கலப்பு நடந்தது உள்ளே. இந்தக் கரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடலைப் பற்றியே பேசுவார்கள். எனக்கென்னவோ அந்த ஆற்றைப் பிடித்தால்தான் இந்த நாடு பிடிபடும் என்று தோன்றுகிறது.

சரி, அந்தப் பெண்களிடமே வருவோம். அவர்களைப் பலெங்கேரா என்பார்கள். சான் பசிலியோ தெ பலெங்கே என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். கார்த்தஹேனாவுக்குத் தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன ஊர். அந்த ஊர்ப் பெண்கள் பழமும் மிட்டாயும் தலையில் சுமந்துபோய் நகரத்தில் விற்பது சுற்றுலா வருவதற்கு வெகு காலம் முந்தைய பிழைப்பு. கொலம்பியக் கொடியின் வண்ணங்களில் இருக்கும் பாவாடைதான் புதிது. அது படத்துக்காக வந்தது. மதிலுக்கு வெளியே, சாதாரண மக்கள் குடியிருக்கும் தெருக்களில் விற்கும் பலெங்கேரா அம்மாக்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பூப்போட்ட பழைய கவுன், மேலே ஒரு ஏப்ரன், தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் அலுமினியத் தாம்பாளம். "அலெக்ரீயா, கோன் கோக்கோ இ அனீஸ்" என்று இழுத்துக் கூவிக்கொண்டு வருவார்கள். அலெக்ரீயா என்றால் மகிழ்ச்சி. ஆனால் அது ஒரு பண்டத்தின் பெயரும்கூட. சிறுதானியப் பொரியை வெல்லப்பாகில் போட்டு, தேங்காய்த் துருவலும் சோம்பும் சேர்த்து உருட்டிய உருண்டை. நம் பொரி உருண்டையைத் தின்று வளர்ந்தவர்களுக்கு முதல் கடியிலேயே சொந்தமாகிவிடும். ஆக, ஆடை வேஷம், சுமை நிஜம். படம் எடுத்தால் அவர்கள் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்பது அவர்களுடைய வேலை.

பலெங்கேவுக்குக் கட்டாயம் போங்கள். பிரதான சாலையில் பேருந்து இறக்கிவிடும். அங்கிருந்து மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறினால் ஊர் வந்துவிடும். சதுக்கத்தில் பென்கோஸ் பியோஹோவின் சிலை நிற்கும்: அறுபட்ட சங்கிலி தொங்க, மேல்நோக்கிக் கை நீட்டிய உருவம். இவர் 1599இல் கார்த்தஹேனாவிலிருந்து தப்பியவர். சதுப்புக்குள் அரண் கட்டி, ஸ்பானியப் படைகளைத் திருப்பி அனுப்பி, ஆளுநரே சமாதானம் பேசும் நிலைக்குக் கொண்டுவந்தார். 1621இல் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. அவருடைய அரண் ஊரும் இன்றைய பலெங்கேவும் ஒரே ஊர் என்பது மட்டும் அவ்வளவு உறுதியில்லை. இன்றைய ஊரைப் பற்றிய தெளிவான பதிவு பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான் வருகிறது. கார்த்தஹேனா ஆயர் நடுவில் நின்று காலனி அரசோடு உடன்பாடு செய்துவைத்தார். ஊரின் சுதந்திரம் ஏற்கப்பட்டது. ஊர்க்காரர்களைக் கேட்டால் நடுவில் இடைவெளியே இல்லை, பென்கோஸ்தான் ஊரின் தந்தை. "அமெரிக்கக் கண்டத்தின் முதல் சுதந்திர ஊர்" என்றும் சொல்வார்கள். மெக்சிகோவின் யாங்காவும் அதே பெருமையைக் கோருகிறது என்பதால், முதல் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்வதே நியாயம். தப்பும் வழியைப் பெண்கள் தலைப்பின்னலில் வரைபடமாகப் பின்னி வைத்தார்கள் என்ற கதையையும் கேட்பீர்கள். அது வலுவான வாய்மொழி மரபு. காலனிக் காலத்து எழுத்தில் அதற்குச் சான்று கிடைத்ததில்லை. அடிமைப்பட்ட பெண்களின் ரகசியத்தை அவர்களைத் துரத்தியவர்கள் எழுதிவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. எனவே நான் அந்தக் கதையை மறுப்பதில்லை, வரலாறு என்று சொல்லி ஒப்பிப்பதும் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய அதிசயம் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது: அதன் மொழி. பலெங்கேரோ ஸ்பானிஷ் சொற்களின் மேல் எழுந்த கிரியோல், அதாவது கலப்பில் பிறந்த மொழி. மத்திய ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழி அதன் எலும்புக்குள் இருக்கிறது. பன்மைக்கு "மா" என்ற முன்சொல், மாட்டுக்கு "ங்கோம்பே", பிள்ளைக்கு "மோனா". எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். ஸ்பானிஷ் தெரிந்த நான் முதல் நாள் இரண்டு பாட்டிமார் பேசுவதைக் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் தெரிந்த மாதிரியும் ஒன்றும் புரியாத மாதிரியும் இருந்தது. கார்த்தஹேனாவில் இந்த மொழியைப் பேசினால் "கெட்டுப்போன ஸ்பானிஷ்" என்று கேலி செய்வார்கள் என்று பயந்து, ஒரு தலைமுறை முழுக்கப் பிள்ளைகளிடம் பேசாமலே அடக்கிக்கொண்டது. பிறகு ஊர்ப் பள்ளியில் பாடமாக வைத்தார்கள். 2005இல் யுனெஸ்கோ ஊரின் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இன்று பதின்வயதுப் பிள்ளைகள் வேண்டுமென்றே பலெங்கேரோவில் பேசிப் பெருமைப்படுகிறார்கள்.

அந்த ஊரில் "குவாக்ரோ" என்று ஒன்று உண்டு. சிறுவயதில் ஒரே வயதுப் பிள்ளைகள் சேர்ந்து அமைக்கும் குழு. அது விளையாட்டுக் குழுவாகத் தொடங்கிச் சாகும்வரை கலையாது. கல்யாணம், கடன், வீடு கட்டுவது, சாவு எல்லாவற்றுக்கும் குவாக்ரோ வந்து நிற்கும். சாவு விழுந்தால் ஒன்பது இரவுகள் "லும்பலூ" நடக்கும். வயதான பெண்கள் மேளத்துக்குப் பாடி இறந்தவரை வழியனுப்புவார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அது நிகழ்ச்சி இல்லை, வீட்டுத் துக்கம்.

பலெங்கேவிலிருந்து அதே திசையில் இன்னும் உள்ளே போனால் மரியா மலைகள். மலை என்கிறார்களே தவிர, பச்சைக் குன்றுத் தொடர்தான். அதில் சான் ஹசிந்தோ என்ற ஊர். நெடுஞ்சாலையின் இருபுறமும் கோடு கோடான வண்ணத் தூளிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பார்த்தவுடன் ஊர் வந்துவிட்டது என்று தெரியும். நான் அங்கே போனதெல்லாம் கைத்தாவுக்காக. கைத்தா என்பது ஏறக்குறைய ஒன்றரை முழ நீளக் குழல். உள்ளே துளைத்து எடுத்த கள்ளித்தண்டு அதன் உடம்பு. தலைப்பகுதி கறுப்பாக, ஒரு கைப்பிடி அளவுக்கு உருண்டு இருக்கும். தேன்மெழுகையும் கரித்தூளையும் சேர்த்துப் பிசைந்து, சூடாக இருக்கும்போதே தண்டின் நுனியில் அப்பி, அதில் வாத்து இறகின் காம்பைச் செருகுவார்கள். அந்த இறகுக்காம்பு வழியாகத்தான் ஊதவேண்டும். செய்துகொண்டிருந்த பெரியவர் மெழுகைக் கட்டைவிரலால் அழுத்துவார், ஊதுவார், தலையை ஆட்டுவார், இறகை ஒரு நூல் அளவு சாய்ப்பார், மறுபடி ஊதுவார். அரை மணி நேரம் இதே வேலை. குழல் இரண்டு வகை. பெண் கைத்தாவுக்கு ஐந்து துளை; பாட்டை அதுதான் சொல்லும். ஆண் கைத்தாவுக்கு இரண்டே துளை. அதை ஊதுகிறவர் ஒரு கையால் குழலைப் பிடித்து மறு கையால் மராக்கா என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குவார். ஆப்பிரிக்க வழி வந்த மேளங்கள் இதனோடு சேரும்போதுதான் அந்தக் கரையின் இசை முழுமையாகும். சியர்ரா நெவாதா மலையில் வாழும் கோகி மக்களிடம் இதே அமைப்பிலுள்ள ஜோடிக் குழல்கள் இன்றும் இருக்கின்றன. எனவே கைத்தாவின் பூர்வகுடி வேர் பற்றிச் சந்தேகமில்லை.

இதே குன்றுகளில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் நகர முடியவில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எல் சலாதோ என்ற கிராமத்துக்குள் துணைப்படை என்று அழைக்கப்பட்ட வலதுசாரி ஆயுதக் குழுவினர் புகுந்து சில நாட்களில் 60 பேரைக் கொன்றார்கள். கிராமத்தின் பண்பாட்டு மையத்திலிருந்த மேளங்களையும் குழல்களையும் எடுத்துவந்து, சதுக்கத்தில் வாசித்துக்கொண்டே கொன்றார்கள் என்பது உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களில் பதிவாகியிருக்கிறது. ஊரே வெளியேறியது, சில ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். மரியா மலைகளில் ஒரு சிறுவன் மேளம் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது அதை வெறும் கலை நிகழ்ச்சியாகப் பார்க்க என்னால் முடிவதில்லை. 2007இல் சான் ஹசிந்தோவின் கைத்தாக் கலைஞர்கள் லத்தீன் கிராமி வாங்கினார்கள். அதற்கு என் தெருவே விழித்திருந்தது.

கும்பியா நடனத்தைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் ஒரு கையில் எரியும் மெழுகுவர்த்திக் கட்டைப் பிடித்து, காலைத் தூக்காமல் தரையில் இழைத்து நகர்வாள். ஆண் தொப்பியோடு சுற்றி வருவான். "காலில் சங்கிலி இருந்ததால்தான் அந்த இழைப்பு" என்று உணர்ச்சியோடு சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை. பூர்வகுடி வட்ட நடனங்களிலும் அதே இழைப்பு உண்டு. எந்த ஊரில் பிறந்தது என்று கேட்டால் எல் பாங்கோ ஒரு பதில் சொல்லும், சியேனகா வேறு பதில் சொல்லும். மேளம் ஆப்பிரிக்காவிலிருந்து, குழல் பூர்வகுடிகளிடமிருந்து, ஆடையும் பாட்டு மொழியும் ஸ்பெயினிலிருந்து என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை.

தொப்பிக்கு வருகிறேன். கறுப்பும் வெள்ளையுமாக வட்ட வட்டமாக இருக்கும் "வுவெல்தியாவ்" தொப்பியை விமான நிலையத்திலேயே பார்த்துவிடுவீர்கள். 2004இல் சட்டம் போட்டு அதைத் தேசிய அடையாளமாக்கினார்கள். அதன் ஊர் கோர்தோபா மாநிலத்தின் துச்சின். செய்கிறவர்கள் செனூ மக்கள். கான்யா ஃபிளேச்சா என்ற நாணல் வகைச் செடியின் இலை நடுநரம்பைக் கத்தியால் வழித்து இழையாக்குவார்கள். வெள்ளை இழை வெயிலில் காய்ந்தது. கறுப்பு இழை சேற்றில் ஊறி, செடிச் சாறுகளோடு வெந்து நிறம் ஏறியது. இந்த இழைகளைப் பட்டையாகப் பின்னி, சுருள் சுருளாகச் சுற்றித் தைத்தால் தொப்பி. சுற்று என்று பொருள்படும் "வுவெல்தா" என்ற ஸ்பானிஷ் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. எத்தனை ஜோடி இழையில் பட்டை பின்னப்பட்டது என்பதே தரம்: 15, 19, 21, 23, 27. எண் கூடக் கூட மென்மை. 21க்கு மேலே போனால் மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறுபடி விரித்தாலும் சுருக்கம் விழாது. நான் முதல் வருடம் கார்த்தஹேனாவில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து ஒன்று வாங்கினேன். இரண்டு மழைக்கு வண்ணம் வழிந்து விளிம்பு பிளந்தது. அது பின்னியதே இல்லை, பின்னல் மாதிரி அச்சடித்தது. அப்படிப்பட்ட சீனப் போலிகள் குவிந்ததால் 2013இல் கொலம்பிய அரசு அவற்றின் விற்பனையைத் தடுத்தது. வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நிஜத் தொப்பியில் பின்னல் இரண்டு பக்கமும் தெரியும். "எத்தனை ஜோடி?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

மொம்போஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. முடிந்தால் ஒரு இரவாவது அங்கே தங்குங்கள். காலனிக் காலத்தில் கார்த்தஹேனாவிலிருந்து உள்நாட்டுக்குப் போன சரக்கெல்லாம் மக்தலேனா வழியாக இதன் படித்துறையைத் தொட்டுத்தான் போனது. 1810 ஆகஸ்டில், மற்ற ஊர்கள் தயங்கியபோதே, ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை என்று அறிவித்த ஊர். அப்புறம் ஆறு திசை மாறியது. மொம்போஸ் கிளையில் மண் ஏறி, பெரிய நீரோட்டம் லோபா கிளைக்குப் போய்விட்டது. நீராவிக் கப்பல்களும் அந்தப் பக்கம் போயின. வியாபாரம் செத்ததால் பழைய வீடுகளை இடித்துக் கட்ட யாரிடமும் பணமில்லை, அதனாலேயே ஊர் அப்படியே நின்றுவிட்டது. 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். 2020இல் ஆற்றின் மேல் பாலம் திறக்கும்வரை சாலை வழி வருகிறவர்கள் மிதவைப் படகுக்காகக் காத்துக்கிடந்தோம். இன்று அந்தத் தொல்லை இல்லை.

மாலை ஆறு மணிக்கு மொம்போஸின் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஆடும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஆஹா" என்று ஒரு சொல்தான் வணக்கம். அந்தக் கரையில் அது என்ன ஏது, சரி, அப்புறம், நம்பவில்லை என்று எல்லாவற்றுக்கும் வரும், தொனிதான் பொருள். அங்கே வெள்ளியில் நூல் வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வெள்ளிக் கம்பியை இரும்புத் தகட்டின் துளைகள் வழியாக ஒன்றைவிடச் சிறிய ஒன்றாக இழுத்து இழுத்து முடி அளவுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு இழையை முறுக்கி, லேசாகத் தட்டி, அதைச் சுருட்டி இதழாக்குவார்கள். ஊதுகுழல் நெருப்பில் ஒரு கணம் கூடினால் முழு இதழும் உருகிச் சொட்டாகிவிடும். கார்த்தஹேனாவில் காதணி வாங்குவதைவிட இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். புனித வாரத்தில் போக வாய்த்தால், புதன்கிழமை இரவு ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களுக்கு இசை கேட்கச் செய்யும். ஆனால் உங்கள் பயணம் பிப்ரவரி என்பதால் அது கிடைக்காது.

பிப்ரவரியில் கிடைக்கக்கூடியது பரான்கியாவின் கார்னிவல். சாம்பல் புதனுக்கு முந்தைய நான்கு நாள். தேதி ஆண்டுதோறும் மாறும், முதலில் அதைப் பாருங்கள். பரான்கியாவை யாரும் கொடி நட்டு நிறுவவில்லை. மதில் கிடையாது, கோட்டை கிடையாது. ஆற்று முகத்தில் தானாகச் சேர்ந்த மக்கள், பின்னாளில் கப்பல் ஏறி வந்த லெபனான், சிரியா, ஜெர்மனி, இத்தாலிக்காரர்கள் என்று வளர்ந்த நகரம். தெருமுனை வண்டியில் முட்டை வைத்த மக்காச்சோள அரேப்பாவுக்குப் பக்கத்தில் லெபனான் இறைச்சி உருண்டையான கிப்பே பொரிந்துகொண்டிருக்கும். உள்நாட்டு ஊர்களின் ஆட்டமெல்லாம் ஆண்டுக்கொரு முறை ஆற்றோடு இறங்கி இங்கே வந்து சேர்வதுதான் கார்னிவல். சனிக்கிழமை 1903இல் தொடங்கிய மலர்ப் போர் ஊர்வலம், ஞாயிறு பாரம்பரியக் குழுக்களின் அணிவகுப்பு. மரிமோந்தா என்ற வேஷத்தைத் தேடிப் பாருங்கள். யானைத் தும்பிக்கை மாதிரி மூக்கு, பெரிய காது, பொருந்தாத கோட்டும் டையும். மாறுவேஷம் வாங்க வழியில்லாத ஏழை, பழைய உடுப்பை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதிகாரிகளைக் கேலி செய்யப் பிறந்த வேஷம் என்பார்கள். செவ்வாய்க்கிழமை ஹோசெலித்தோ என்ற கார்னிவல் ஆசாமி செத்துப்போவான். ஊரெங்கும் பாடை. மீசை வைத்த ஆண்கள் கறுப்புப் புடவைத்துணி போர்த்திய விதவைகளாக விழுந்து புரண்டு அழுவார்கள். என் தெருவில் ஒவ்வொரு வருடமும் காய்கறிக்கடைக்காரர்தான் முதல் விதவை. அவர் அழுகிற அழுகையில் மாலை ஆறு மணிக்கு மேல் சில கிழவிகள் நிஜமாகவே கண் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அணிவகுக்கும் ‘குவாச்செர்னா’ விளக்கு ஊர்வலம் கார்னிவலுக்கு முந்தைய வாரம். 1974இல் பாடகி எஸ்தெர்சிதா ஃபொரேரோ மீட்டெடுத்தது. கூட்டமும் செலவும் குறைவு. எனக்கு அதுவே போதும் என்று தோன்றும். எங்கே போனாலும் மக்காச்சோள மாவை முகத்தில் பூசுவார்கள். கோபப்பட வேண்டாம், கைபேசியை மட்டும் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேங்காய்ச் சோற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் தேங்காய்ச் சாதம் போல இல்லை. கெட்டித் தேங்காய்ப்பாலை வாணலியில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். பால் முறிந்து, எண்ணெய் பிரிந்து, சக்கை பொன்னிறமாகி, கடைசியில் காப்பிக்கொட்டை நிறத்தில் சிறு சிறு மணியாகும். அந்த மணிகளுக்குத் "தித்தோத்தே" என்று பெயர். அதில் கொஞ்சம் வெல்லம், உப்பு, பிறகு அரிசியும் இரண்டாம் பாலும். சோறு பழுப்பாக, லேசான இனிப்போடு வரும். பொரித்த மீனும் தட்டிப் பொரித்த வாழைக்காயும் பக்கத்தில். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த வீட்டுக்கார அம்மா, நான் அடுப்பைக் கூட்டிய ஒவ்வொரு முறையும் கையைத் தட்டிவிடுவார். கோர்தோபா, சுக்ரே பக்கம் போனால் பெருவள்ளிக்கிழங்கைக் கரைய வேகவைத்து உப்புப் பாலாடைக்கட்டி போட்ட "மோத்தே தெ கேசோ" கேளுங்கள். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அந்தக் கரையில் கிடைக்கும் மிக நல்ல சாப்பாடு அதுதான்.

நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸின் கதைகளைப் படித்தவர் என்றால் அரக்கத்தாக்கா போக ஆசை வரும். அவர் 1927இல் பிறந்த ஊர். தாத்தா வீட்டைத் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வெக்கையும் தண்டவாளமும் நிஜம், மாயம் எதிர்பார்க்காதீர்கள். 2006இல் ஊர்ப்பெயரோடு, அவருடைய "தனிமையின் நூறு ஆண்டுகள்" நாவலில் வரும் கற்பனை ஊரான மக்கொந்தோவின் பெயரைச் சேர்க்க வாக்கெடுப்பு வைத்தார்கள். போதிய பேர் வாக்களிக்கவே வரவில்லை. எனக்கு அரக்கத்தாக்காவைவிட அதற்கு வடக்கே இருக்கும் சியேனகாதான் முக்கியம். 1928 டிசம்பர் 6 அதிகாலை, அமெரிக்கப் பழ நிறுவனத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து ரயில் நிலையச் சதுக்கத்தில் கூடியிருந்த வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் மீது ராணுவம் சுட்டது. சுட்டது உறுதி. எத்தனை பேர் என்பது இன்றுவரை தீரவில்லை. தளபதி 47 என்று எழுதினார். அமெரிக்கத் தூதரகத் தந்தி ஆயிரத்துக்கு மேல் என்றது. எல்லோரும் சொல்லும் 3,000 அந்த நாவலிலிருந்து வந்த எண். ஊர்க்காரர்களே இன்று அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். எண்ணாமல் புதைத்த இடத்தில் கதையின் எண் வந்து உட்கார்ந்துவிட்டது. சதுக்கத்தில் அரிவாள் உயர்த்திய ஒரு மனிதரின் சிலை நிற்கிறது.

கிழக்கே குவாஹிரா பாலைவனத்தையும் வாயூ மக்களையும் ஒரு வார இறுதியில் அடக்கப் பார்க்காதீர்கள். தாய்வழிக் குலங்கள், சண்டை வந்தால் இரு தரப்புக்கும் நடுவே போய்ப் பேசித் தீர்க்கும் "சொல்காரர்", பின்னல் பைகள் என்று அது தனி உலகம். இரண்டு நாளில் ஜீப்பில் போய் வருகிறவர்கள் மணலையும் கையேந்தும் குழந்தைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது இரண்டு தரப்புக்கும் நல்லதில்லை. வாயேதுபாரும் அதன் அக்கார்டியன் இசையும் அப்படித்தான். ஏப்ரல் இறுதித் திருவிழாவுக்குத் தனியாக வாருங்கள்.

உங்களுக்கு இரண்டு வார இறுதிகள் இருக்கின்றன. முதலாவதில் சனிக்கிழமை பலெங்கே, ஞாயிறு சான் ஹசிந்தோ போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இரண்டாவது கார்னிவலில் விழுந்தால் பரான்கியா, அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் சனி அதிகாலையிலேயே கிளம்பி மொம்போஸ். குன்றுப் பக்கம் இருட்டிய பின் பயணம் வேண்டாம், கிளம்பும் முன் தங்குமிடத்தில் சாலை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். பலெங்கேவில் வழிகாட்டி வேண்டுமென்றால் கார்த்தஹேனாவில் பேசி அழைத்துப் போகாதீர்கள். ஊருக்குள் போய் அங்கே இருப்பவரையே பிடியுங்கள், பணம் ஊரில் தங்கும். காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால், வெல்லப்பாகு காய்ச்சும் கொல்லைப்புறங்களில் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் நகரத்தில் தலையில் போகப்போகிற உருண்டைகள் அங்கே வாழை இலையில் ஆறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கேட்டால் ஒன்று சூடாகக் கொடுப்பார்கள்.